700 டிகிரி காற்று எப்படிக் குளிர்விக்கும்?

சென்ற இதழில் ஜெட் எஞ்சினைப் பற்றி எழுதியபோது, டர்பைன் பிளேடுகளைச் சுற்றிப் பாயும் வாயு, அந்தப் பிளேடுகளின் உலோகம் உருகும் வெப்பநிலையையும் தாண்டிய சூடு கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். அவசரமாகக் கடந்திருக்கக் கூடாத இடம் அது என்று எனக்கும் பட்டதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வாயு 1,600 டிகிரி, உலோகம் உருகுவது 1,300 சொச்சம் டிகிரி என்றால் பிளேடு உருகத்தானே வேண்டும்? அவ்வளவு சூடாக்குவானேன், குறைத்துக்கொண்டால் என்ன? (இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜெட் எஞ்சினிலும் மின்நிலையத்திலும் இருக்கும் கேஸ் டர்பைனில் காற்றை அழுத்தி, எரிபொருளை எரித்துச் சூடாக்கி, அந்தச் சூடான வாயுவை டர்பைன் வழியாக விரியவிட்டு வேலை வாங்குகிறோம். டர்பைனுக்குள் நுழையும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் கிடைக்கும் வேலை கூடுகிறது. அதற்கேற்ப, காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறோம் என்னும் அழுத்த விகிதத்தையும் உயர்த்தினால் எரிபொருளும் மிச்சமாகிறது. 1940களில் ஓடிய முதல் ஜெட் எஞ்சின்களில் இந்த வெப்பநிலை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ்தான். இன்றைய பெரிய மின்நிலைய டர்பைன்களில் அது 1,600 டிகிரியை எட்டிவிட்டது. வெளியேறும் வாயுவின் சூட்டைக்கொண்டு நீராவி டர்பைனையும் ஓட்டும் கூட்டு மின்நிலையங்கள், எரிபொருள் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாக மாற்றுகின்றன என்றால், அதற்கு இந்த ஏற்றமே முதற்காரணம். சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே மின்சாரத்துக்கு இன்னும் அதிக எரிபொருளை எரிக்க வேண்டியிருக்கும்.

இனி, பிளேடு ஏன் உருகுவதில்லை என்பதைப் பார்ப்போம். உண்மையில் உருகுநிலைவரை போகவே வேண்டியதில்லை. நிக்கல் சார்ந்த சிறப்பு உலோகக்கலவைகள் 1,100 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் பிளேடைப் பல டன் எடைக்குச் சமமான விசை வெளிநோக்கி இழுத்துக்கொண்டிருக்க, சூட்டில் இளகிய உலோகம் மணிக்கணக்கில், நாட்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் நீளும். இதை க்ரீப் என்பார்கள். உலோகத்தின் வெப்பநிலையைக் கணிப்பதில் வெறும் 30 டிகிரி பிசகினாலே பிளேடின் ஆயுள் பாதியாகக் குறையக்கூடும் என்பது இத்துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே வாயுவுக்கும் உலோகத்துக்கும் இடையே 500, 600 டிகிரி வேறுபாட்டை எந்நேரமும் கட்டிக்காக்க வேண்டும். மூன்று காப்புகள் சேர்ந்து இதைச் செய்கின்றன. பிளேடு உள்ளே கூடானது. அந்த வளைந்து நெளிந்த வழிகளில் காற்று ஓடி, உட்புறச் சுவரிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிப்புறத்தில் இட்ரியா கலந்த சிர்க்கோனியா என்னும் செராமிக் பூச்சு, மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் இருந்துகொண்டு, உலோகத்தை 100 டிகிரிக்கு மேல் காப்பாற்றுகிறது. மூன்றாவது, நம் தலைப்புக்குரிய படலக் குளிர்விப்பு. உள்ளே ஓடிக் களைத்த காற்று, பிளேடின் சுவரில் துளைத்த நுண்ணிய துளைகள் வழியே வெளியே வந்து, மேற்பரப்பை ஒட்டியே பரவி, சூடான வாயு நேரடியாகத் தொடாதபடி ஒரு போர்வையாகப் படிகிறது. முதல் இரண்டும் சுவருக்குள் புகுந்த வெப்பத்தைச் சமாளிக்கும் வழிகள். இது வெப்பம் சுவரை அடையுமுன்பே தடுப்பது. எனக்கு இதன்மீது தனிப் பிரியம் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கேள்வி: குளிர்விக்கும் காற்று எங்கிருந்து வருகிறது? விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே கடுங்குளிர் என்பதால், அந்தக் காற்றையே நேராக உள்ளே விடுகிறார்களா? (பள்ளி ஆசிரியர்)

பதில்: விட முடியாது. பிளேடைச் சுற்றியுள்ள வாயு பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. அதைவிட உயர்ந்த அழுத்தமுள்ள காற்றுதான் துளைவழியே வெளியேற முடியும். அத்தகைய காற்று எஞ்சினில் ஒரே இடத்தில், அதாவது காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் கடைசிப் படிகளில்தான் கிடைக்கும். ஆனால் 40 மடங்குக்கு மேல் அழுத்தப்பட்ட காற்று, அழுத்தப்பட்டதனாலேயே 600 முதல் 700 டிகிரிவரை சூடேறிவிடும். வேறெங்கும் இதை நெருப்பு என்றுதான் சொல்வோம். 1,600 டிகிரி வாயுவுக்கு நடுவில் இதுவே குளிர்காற்று. எஞ்சினின் நடுப்பகுதி வழியே செல்லும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் சற்று மேலாக, எரியறைக்குப் போகாமல் இப்படிக் குளிர்விக்கும் வேலைக்குத் திருப்பப்படுகிறது. பாடுபட்டு அழுத்திய காற்றை எரிக்காமல் செலவழிப்பது பெரிய இழப்பு என்பதை மனத்தில் வையுங்கள்; அடுத்த பதில் முழுவதும் அதைச் சுற்றியே நகரும்.

கேள்வி: துளையைப் பெரிதாக்கி இன்னும் வேகமாக ஊதினால் இன்னும் நன்றாகக் குளிருமே? எங்கள் மின்நிலையத்தில் கழற்றிவைத்த பிளேடுகளில் துளைகள் குண்டூசி முனை அளவுக்கே இருப்பதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். (மின்நிலையப் பராமரிப்புப் பணியாளர்)

பதில்: வந்த கேள்விகளிலேயே நான் மிகவும் விரும்பிய கேள்வி இது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய இடத்தை நீங்கள் கண்ணால் பார்த்தே தொட்டுவிட்டீர்கள். வேகமாக ஊதினால் நன்றாகக் குளிராது. ஓரளவுக்கு மேல் போனால் ஊதாமலிருப்பதைவிடவும் மோசமாகலாம்.

துளை மேற்பரப்புக்கு 30 முதல் 35 டிகிரி சாய்வில், வாயு ஓடும் திசையை நோக்கிச் சரிந்தபடி துளைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து மெதுவாக வரும் காற்றை, மேலே விரைந்தோடும் வாயு உடனே மடக்கி மேற்பரப்போடு அழுத்திவிடும். அது அங்கேயே படர்ந்து ஓடும். அதே காற்று வேகமாக வந்தால் மேற்பரப்பை விட்டெழும்பி, புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகையைப் போல வாயுவுக்குள் ஊடுருவி நின்றுவிடும். எழும்பிய தாரையின் இருபுறமும் வாயு சுற்றி வளைவதால், தாரைக்குள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு சுழல்கள் பிறக்கின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சிறுநீரகத்தின் வடிவில் தெரியும் இந்த இரட்டைச் சுழல், நடுவிலுள்ள குளிர்காற்றை மேலே தூக்கிவிட்டு, பக்கங்களிலிருந்து சூடான வாயுவை அதன் அடியில் இழுத்துப் போடுகிறது. போர்வை போர்த்தப் போன கையே போர்வையை உருவிவிட்ட கதைதான். அதோடு, வேகமான தாரை மேற்பரப்பருகே வாயுவைக் கலக்கிவிடுவதால் சுவருக்கு வெப்பம் பாயும் வீதமும் கூடுகிறது. படலம் கலைந்த இடத்தில் வெப்பப் பாய்வும் கூடினால் அங்கே உலோகத்தின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

இதை அளக்கப் பயன்படும் முதல் எண் ஊது விகிதம். குளிர்காற்றின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி, அதை வாயுவின் அடர்த்தி, வேகம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். சாய்ந்த உருளைத் துளைகளில் இந்த விகிதம் 0.5, 0.6 அளவில் இருக்கும்போது காப்பு உச்சத்தைத் தொட்டு, அதற்குமேல் சரியத் தொடங்குகிறது. தாரை எழும்புமா எழும்பாதா என்பதை இன்னும் சரியாகச் சொல்வது உந்த விகிதம். அதில் வேகத்துக்குப் பதில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. அது 0.4க்குக் கீழே இருந்தால் தாரை ஒட்டியே ஓடும், 0.8ஐத் தாண்டினால் முற்றிலும் விலகிப் போய்விடும். இடைப்பட்ட நிலையில் எழும்பிப் பின் மறுபடி வந்து ஒட்டும். எஞ்சினுக்குள் குளிர்காற்று வாயுவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தி கொண்டது என்பது இங்கே நமக்குச் சாதகம். கனமான காற்று குறைந்த வேகத்திலேயே தேவையான நிறையைச் சுமந்து வந்துவிடுகிறது.

படலம் எவ்வளவு காக்கிறது என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதைப் படலத்திறன் என்று வைத்துக்கொள்வோம். வாயு 1,600, குளிர்காற்று 700 டிகிரி என்றால் இரண்டுக்கும் இடைவெளி 900. பிளேடின் ஒரு புள்ளியில், சுவரை ஒட்டியிருக்கும் கலவையின் வெப்பநிலை 1,240 என்றால், வாயுவிலிருந்து 360 டிகிரி இறக்கியிருக்கிறோம். 360ஐ 900ஆல் வகுக்க 0.4. துளையின் வாயில் இந்த எண் ஒன்றை ஒட்டியிருக்கும். அங்கிருந்து விலக விலக, வாயு கலந்துகொண்டே வருவதால் தேய்ந்துகொண்டே போகும். உருளைத் துளையில் இந்தத் தேய்மானம் மிக விரைவானது. துளையின் விட்டம் அரை மில்லிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போவதற்குள் இருபது விட்டங்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் போர்வை கந்தலாகிவிடும். அதனால்தான் உங்கள் பிளேடுகளில் ஒரு வரிசைக்குப் பின் இன்னொரு வரிசையாகத் துளைகள்.

துளையைப் பெரிதாக்க வேண்டும் என்ற உங்கள் யோசனை ஒருவகையில் சரியானதே. பெரிதாக்க வேண்டியது துளையின் வாயை மட்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்டீனும் எக்கர்ட்டும் பர்கிராஃபுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே குறுகலாகவும் வாயருகே விசிறிபோல் விரிந்தும் இருக்கும் துளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எவ்வளவு காற்று வெளியேறும் என்பதைக் குறுகிய தொண்டை தீர்மானிக்கும். வாய் விரிந்திருப்பதால் அதே காற்று வேகம் குறைந்து, அகலமாகப் பரவி, மேற்பரப்பில் படிகிறது. உருளைத் துளை தோற்றுப்போகும் ஊது விகிதங்களிலும் இது தாக்குப்பிடித்தது. இன்றைய பிளேடுகளில் பெரும்பாலும் இந்த விசிறி வாய்த் துளைகளே. கழற்றிவைத்த பிளேடை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல், வாயு ஓடும் திசையில் சரிந்து அகன்ற சிறு முறம்போல் இருந்தால், நான் சொல்வது அதைத்தான். முழுத் துளையையும் பெரிதாக்கினால் காற்றுதான் வீணாகும். அழுத்திய காற்றில் ஒவ்வொரு கிராமும் எஞ்சினின் வேலையிலிருந்து கடன் வாங்கியது.

கேள்வி: துளைகளைப் போடும் முறை என்ன? எங்கு வேண்டுமானாலும் போடலாமா? (கருவிப் பட்டறை நடத்துபவர்)

பதில்: உள்வழிகள் வார்ப்பிலேயே வந்துவிடும். செராமிக்கால் செய்த கருவை மெழுகுக்குள் புதைத்து, அதன்மேல் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உறைந்தபின் கருவைக் காரக் கரைசலில் கரைத்து எடுத்துவிடுவார்கள். மேற்பரப்புத் துளைகளை மின்தீப்பொறியால் அரித்தோ லேசரால் துளைத்தோ போடுகிறார்கள். செராமிக் பூச்சை எப்போது பூசுவது என்பது உங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் தலைவலி. முதலில் துளைத்துவிட்டுப் பூசினால், பூச்சு துளைவாயில் புகுந்து அதைக் குறுக்கிவிடும். பூசிவிட்டுத் துளைத்தால், வாயின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்துவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கு வேண்டுமானாலும் போட முடியாது. மிகக் கடினமான இடம் முன்விளிம்பு. வாயு நேராக மோதி நிற்கும் அந்த இடத்தில் சூடும் அதிகம், வெளி அழுத்தமும் அதிகம். அங்கே பூவாளியின் முகம்போல் பல வரிசைத் துளைகளை நெருக்கமாக அமைப்பார்கள். முதல் வரிசையின் சுழலாத தகடுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்கான குளிர்காற்று கம்ப்ரசரிலிருந்து எரியறையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எரியறைக்குள் போன காற்று அங்கே இழந்த அழுத்தம் சுமார் 3 முதல் 5 விழுக்காடு மட்டுமே. குளிர்காற்றை வெளியே தள்ளுவதற்குக் கையிருப்பில் உள்ளது அந்தச் சிறு வித்தியாசம்தான். உள்வழிகளில் உராய்ந்தே அது தீர்ந்துபோனால், துளை எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கி, சூடான வாயு தகட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். பிறகு அந்தத் தகட்டைக் காப்பாற்ற முடியாது. எனவே வடிவமைப்பவர் முன்விளிம்பில் அழுத்தத்தைப் போதிய அளவு மிச்சம் வைத்தாக வேண்டும். பின்விளிம்பின் சிக்கல் வேறு. அது மெல்லியது, உள்வழிக்கு இடம் போதாது. அங்கே காற்றை விளிம்பிலுள்ள நீண்ட பிளவுகள் வழியே வெளியேற்றுகிறார்கள்.

கேள்வி: காற்றுக்குப் பதில் தண்ணீரோ நீராவியோ பயன்படுத்தலாமே? (கல்லூரி மாணவர்)

பதில்: நீராவியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹெச் வகை டர்பைன், வேல்ஸிலுள்ள பேக்லன் பே மின்நிலையத்தில் 2003இல் பணியைத் தொடங்கியது. அதன் முன்வரிசைகளில் நீராவி உள்ளே சுற்றி வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வாயுவோடு கலக்காமல் திரும்பிப் போய், நீராவி டர்பைனில் வேலை செய்தது. அழகான ஏற்பாடு. ஆனால் சுழலும் பாகத்துக்குள் நீராவியைக் கசியாமல் கொண்டுபோய்க் கொண்டுவரும் சிக்கல் பெரியது. நீராவி தயாராகாமல் இயந்திரத்தை முழுச் சுமைக்குக் கொண்டுபோகவும் முடியாது. அந்நிறுவனத்தின் பிந்தைய ஹெச்ஏ வகை பிளேடுகள் காற்றுக்கே திரும்பிவிட்டன.

கேள்வி: இதை முதலில் யோசித்தவர் யார்? வேறு எங்காவது பயன்படுகிறதா? (வாசகி)

பதில்: கூடான, காற்றோடும் பிளேடுகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே ஜெர்மனியின் யும்மோ 004 ஜெட் எஞ்சினில் வந்துவிட்டன, நிக்கல் தட்டுப்பாடு அவர்களை அங்கே தள்ளியது. படலம் என்ற கருத்தின் தொடக்கமும் அதே நாட்டில், அதே காலத்தில்தான், ஆனால் தலைகீழாக. கார்ல் வீக்ஹார்ட் என்ற ஆய்வாளர், விமான இறக்கையில் பனி படியாமலிருக்க, இறக்கையின் பரப்பிலுள்ள பிளவு வழியே சூடான காற்றை ஒட்டிப் பரவச் செய்தால் எவ்வளவு தூரம் சூடு நிலைக்கும் என்று அளந்தார். சுவரைக் குளிரிலிருந்து காக்க எழுதிய கணக்கு, சூட்டிலிருந்து காக்கவும் அப்படியே பொருந்தியது. சூடு எந்தப் பக்கம் என்பது படலத்துக்கு முக்கியமில்லை. தனக்கும் வாயுவுக்கும் இடையே எவ்வளவு கலப்பு நடக்கிறது என்பதே அதற்கு எல்லாம்.

ராக்கெட்டுகளிலும் உண்டு. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில், எரிபொருளான ஆல்கஹாலில் ஒரு பகுதியை வளையம் வளையமாக அமைந்த சிறு துளைகள் வழியே எரியறைச் சுவரில் படியவிட்டார்கள். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில், பம்பை ஓட்டி முடித்த ஒப்பீட்டளவில் குளிர்ந்த வாயுவை, சுடர் வெளியேறும் கூம்பின் கீழ்ப்பகுதிச் சுவரை ஒட்டி விட்டார்கள். புறப்படும் காட்சியைப் படத்தில் பார்த்தால், கூம்பின் வாய்க்குக் கீழே சுடர் உடனே பளிச்சிடாமல் சற்று தூரம் கருத்துத் தெரியும்; அந்தக் கருமை, சுடரைச் சுற்றி உறைபோல் இறங்கிவரும் அந்தப் படலமே.

கேள்வி: 1,600 டிகிரியில் சுழலும் பிளேடின் மேல் படலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஆய்வு மாணவர்)

பதில்: பெரும்பாலான அளவீடுகள் சூடே இல்லாமல் செய்யப்படுகின்றன என்றால் நம்புவது கடினம். பிளேடின் மாதிரியில் ஒரு சிறப்பு வண்ணத்தைப் பூசி, நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பாய்ச்சினால் அது ஒளிரும்; அருகே ஆக்சிஜன் இருந்தால் அந்த ஒளிர்வு மங்கும். இப்போது வாயுவுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றையும், குளிர்காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனையும் ஓடவிடுகிறார்கள். படலம் படிந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. வண்ணம் பளிச்சென்று ஒளிர்கிறது. படலம் கலைந்த இடம் மங்கித் தெரிகிறது. வெப்பம் கலப்பதும் வாயு கலப்பதும் ஒரே விதமாக நடப்பதால், ஆக்சிஜனின் அளவிலிருந்து படலத்திறனைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டுவிடலாம். உலோகத்தின் வழியே வெப்பம் கடந்துவந்து அளவைக் குழப்புவதும் இதில் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நைட்ரஜனின் அடர்த்தி காற்றின் அடர்த்திதான், எஞ்சினிலோ இரு மடங்கு. அதைச் சரிக்கட்ட, கரியமில வாயுவையோ, ஆர்கானோடு கந்தக ஹெக்சாஃபுளூரைடு கலந்த கனமான வாயுவையோ பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஆய்வில் அடர்த்தியைக் கவனிக்காமல் ஊது விகிதத்தை மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள். தாரை எழும்பும் இடமே மாறிப்போகும்.

கேள்வி: இத்தனை நுண்ணிய துளைகள் தூசியால் அடைத்துக்கொள்ளாதா? (ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்)

பதில்: அடைத்துக்கொள்ளும், இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். எஞ்சினுக்குள் புகும் மணலும் தூசியும் உள்வழிகளின் மூலைகளில் படிந்து துளைகளைக் குறுக்குகின்றன. எரியறை வழியே வரும் தூசியில் கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இருப்பதால், 1,200 டிகிரியைத் தாண்டியதும் அது கண்ணாடிபோல் உருகிப் பூச்சுக்குள் ஊறி, குளிரும்போது பூச்சை உரித்துக்கொண்டு வருகிறது. எரிமலைச் சாம்பல் இதன் கொடிய வடிவம். 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்தில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோனதும், 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் கேஎல்எம் விமானத்துக்கு அதுவே நேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உருகிய சாம்பல் டர்பைனின் முன்தகடுகளில் அப்பிக்கொண்டு வாயுவின் வழியையே மறித்தது. எஞ்சின் ஆறியதும் படிவு நொறுங்கி உதிர்ந்ததால்தான் மறுபடி இயக்க முடிந்தது.

என் மேசையில் ஆயுள் முடிந்து ஒதுக்கப்பட்ட ஒரு பிளேடு இருக்கிறது. அதன் குழிந்த பக்கத்தில், ஒவ்வொரு துளையின் பின்னாலும் வால்போல் ஒரு வெளிறிய கோடு நீண்டு, போகப் போக அகன்று மங்குகிறது. படலம் ஓடிய தடம் அது. கோடுகளுக்கு இடையில் பூச்சு பழுப்பேறியிருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு துளைக்கு மட்டும் வால் இல்லை. ஊசியை விட்டுப் பார்த்தால் உள்ளே கெட்டியாக அடைத்திருக்கிறது. துளையின் வாய் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் பின்னால் பூச்சு உரிந்து உலோகம் கருகிக் கிடக்கும் இடம் என் கட்டைவிரல் அகலம்.